வாங்காத வண்டி

சமையலறை ஜன்னல் வழியாகச் சாய்கிற மாலை வெயிலில், மேஜைமேல் என் போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. இன்றைக்கு இது ஒன்பதாவது அழைப்பு. நான் வாங்காத மோட்டார் சைக்கிளுக்கு ஏழு தவணை பாக்கியாம். எனக்குச் சைக்கிளே ஓட்ட வராது. ஆனால் என் காலை எவனாவது மிதித்தால் நான்தான் மன்னிப்புக் கேட்பேன், அப்படியொரு பிறவி. ஸ்பீக்கரில் போடுகிறேன். "சார், இன்னிக்காவது ஒரு தேதி சொல்லுங்க சார். இல்லேன்னா என்னைத்தான் திட்டுவாங்க," என்கிறான் வசூல்காரன். தொண்டை கட்டியிருக்கிறது அவனுக்கு; பின்னால் பத்துப் பேர் இதே பாட்டைப் பாடுகிற இரைச்சல். பாவமாக இருக்கிறது. "சரிப்பா, வர்ற வெள்ளிக்கிழமை..." என்று என் வாய் தானாகத் திறக்கிறது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி ஈரக்கையோடு போனைப் பிடுங்குகிறாள். "தேதி சொன்னா கடனை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். மூளை இருக்கா உங்களுக்கு?" என்று என்னிடம் பல்லைக் கடித்தவள், போனில் நிதானமாகச் சொல்கிறாள்: "தம்பி, இவர் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தா வீட்டுக்கு அனுப்புங்க. அதுவரைக்கும் கூப்பிடாதீங்க. தொண்டைக்கு வெந்நீர் குடிங்க." வைத்துவிடுகிறாள். போன் கண்ணாடியில் வெங்காயத் தோல் ஒன்று ஒட்டியிருக்கிறது. குழாய் சொட்டுகிறது. என் முகத்தைப் பார்க்காமலே, குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்: "நிஜமாவே வாங்கலதானே?" மூன்று மாதமாகக் கேட்டுக் கேட்டு, அந்த வண்டி எனக்குள் சிவப்பு நிறத்தில் பளபளவென்று நிற்கிறது. "இல்லடி" என்று சொல்வதற்கு முன், ஒரு நொடி யோசிக்கிறேன்.