சந்தனம் மறைத்த நம்பர்

“இலை போட்டாச்சு சம்பந்தி. கை நனைக்கிறதுக்கு முன்னாடி எங்க தாத்தா துப்பாக்கிய ஒருவாட்டி கும்புட்டுக்கோங்க. எங்க ஊட்டு வழக்கம்” என்றார் தசரதன்.

திருமுல்லைவாயிலில் அந்தத் துப்பாக்கியைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாதவர்களைத் தசரதன் விடுவதும் இல்லை. கூடத்தில் மாலை போட்ட நாகப்பன் தாத்தா படம், அதன் கீழே துப்பாக்கி. வருஷாவருஷம் ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம் ஒரு விரல் கனத்துக்கு ஏறியிருந்தது.

மணவாளன் எழுந்தார். அவர் இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் மகள் கிருஷ்ணப்பிரியாவுக்கும் தசரதனின் மகன் அசோக்குக்கும் கல்யாணம் உறுதி. மூன்று வருஷமாகக் காதலிக்கும் பிள்ளைகள், பாவம், இதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

“பர்மாவுல ஜப்பான்காரன விரட்டுனதுக்கு வெள்ளைக்கார தொர தன் கையால பரிசா குடுத்தது. உயிரோட இருந்த வரிக்கும் தாத்தா ஒருத்தருக்கும் காட்டல. அவ்ளோ அடக்கம்! செத்தப்புறம்தான் பரண்ல ஆப்ட்டுது.”

மணவாளன் ராணுவத் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கை சும்மா இருக்குமா? கைக்குட்டையால் சந்தனத்தைத் துடைத்தார்.

“த்ரீ நாட் த்ரீ. வங்காளத்துல இஷாப்பூர் பேக்டரில செஞ்சது. வெள்ளைக்காரன் கிரீட முத்திரை கீது பாருங்க, கீழ நாப்பத்திரெண்டுன்னு வருஷம்.”

“நான் சொல்லல?” தசரதன் மீசையை முறுக்கினார்.

இன்னும் கொஞ்சம் துடைத்ததும் நம்பர் தெரிந்தது. மணவாளனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“இன்னாச்சு மாமா? டூப்ளிகேட்டா?” அசோக் பதறினான்.

“அசல்தான் தம்பி. ஆனா பரிசு இல்ல. நாப்பத்தஞ்சுல இங்க இருந்த மிலிட்டரி கேம்ப்ல திருடு போனது.”

“யோவ்! பொண்ணு குடுக்க வந்தியா, திருட்டுப் பட்டம் கட்ட வந்தியா?” தசரதன் கத்தினார். “வெறும் நம்பர பாத்து அதெப்படிய்யா சொல்லுவே?”

மணவாளன் துப்பாக்கியை மெல்லக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது.

“இத திருடினாருன்னு, அன்னிக்கி பாரா நின்ன சிப்பாய ஜெயில்ல போட்டாங்க. நான் எடுக்கலன்னு கதறிகினே உள்ளயே செத்தாரு. தீர்ப்புக் காகிதம் இன்னும் எங்க ஊட்டுல கீது, அதுல இந்த நம்பர்தான். அவரு எங்க தாத்தா. நான் அந்தப் பட்டறையில வேலைக்குச் சேந்ததே, ரிப்பேருக்கு வர்ற ஒவ்வொரு துப்பாக்கியிலயும் இந்த நம்பர தேடத்தான்யா!”