பேர் வைக்காத மரம்

என் வீட்டுக்காரர் ஜெனுவீனோ காப்பியில் மரவள்ளி மாவைப் போட்டுக் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் கூடைக்கு நார் மாற்றிக்கொண்டிருந்தேன்.

முந்தின ராத்திரி காற்றோடு மழை. அப்படிப் பெய்தால் மறுநாள் மதியம் வரை கொட்டை பொறுக்கக் கஸ்தான்யா மரங்களின் அடிக்கு யாரும் போகமாட்டோம். காம்பு தளர்ந்து தொங்கும். ஒவ்வொரு காயும் இரும்புக் குண்டு. விழுந்தால் மண்ணுக்குள் பாதி இறங்கும்.

அவர் வாசலைப் பார்த்தார். வானம் வெளுத்திருந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"என்ன, இராசில்டா காத்துக்கிட்டு இருப்பாளே. இன்னும் கிளம்பலையா?" என்றேன்.

சிரித்தார். கூடையை வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டார்.

எங்கள் காட்டில் கஸ்தான்யாவைக் கண்டுபிடித்தவர்தான் அதற்குப் பேர் வைப்பார். காட்டிலேயே பெரிய மரம் அவர் கண்ணில் பட்டபோது அவருக்குப் பத்தொன்பது வயசு. மனசில் இராசில்டா என்றொருத்தி இருந்தாள். அவள் ஒரு படகுக்காரனைக் கட்டிக்கொண்டு ஆற்றோடு கீழே போய்விட்டாள். பேர் மரத்திலேயே தங்கிவிட்டது.

அந்தப் பேரோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தினேன்.

இராசில்டா இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறாள் என்பார், நான் சோறு போடும்போது. அவள்மேல் ஒரு கொடி ஏறினால் அன்றைக்கே போய் அறுத்துவிட்டு வருவார். ஒரே ஒரு தடவை நானும் கூடப் போனேன். மரத்தடியில் ஒரு சருகு இல்லை. பெருக்கியிருந்தார். எங்கள் வீட்டில் அவர் துடைப்பத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கும் ஒரு மரம் தருவதாகச் சொன்னார். நல்ல மரங்களுக்கெல்லாம் அதற்குள் பேர் வைத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஓடைக்கரையில் ஒரு கோணல் மரம், மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் காய்ப்பது. அதை நெயூசா என்று கூப்பிடலாமே என்றார்.

வேண்டாம் என்றேன்.

மழைக்கு மறுநாள் கூடையோடு கிளம்பினாரே, அன்று சாயங்காலம் அவர் தம்பி ஓசியேல் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். எந்த மரம் என்று நான் கேட்கவில்லை. ஓசியேலாகவே சொன்னார்.

துக்கத்துக்கு இராசில்டா படகில் வந்திருந்தாள். அப்போதுதான் அவளை முதல்முறையாகப் பார்த்தேன். பருத்துப்போயிருந்தாள். முன்பல் ஒன்று இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பிறகு அவள் அழுதாள். நான் அதுவரை அழவில்லை.

பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த மரம், தங்கச்சி?"

ஓசியேல் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மரத்துக்கு அவள் பேர் என்று தெரிந்தவர்களில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

"பேர் வைக்காத மரம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். இருட்டுவதற்குள் படகு கிளம்பிவிட்டது.

அண்ணிக்குப் பெரிய மனசு என்றார் ஓசியேல். அந்தப் பாரத்தை அவள் தலையில் ஏற்றாமல் விட்டேனாம். அன்றைக்குக் காலையில் ஜெனுவீனோவை நான் எப்படி அனுப்பினேன் என்பது ஓசியேலுக்குத் தெரியாது.

பாரமா அது? காட்டிலேயே பெரிய மரம், முப்பது வருஷமாக அவள் பேரில். அதைத் தூக்கி என் கையாலேயே அவளுக்குக் கொடுப்பேனா?

கஸ்தான்யாவை வெட்டக் கூடாதென்பது சட்டம். வெட்டலாம் என்றாலும் வெட்டியிருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். அவர் மரங்களெல்லாம் இப்போது என் பொறுப்பு. மழை விட்டால் மதியம் வரை பொறுத்துத்தான் போகிறேன்.

பதினொரு வருஷம் ஆகிறது. அவளுக்கு இன்னும் தெரியாது.