சரியான அளவு

காலை ஒன்பது ஐம்பதுக்கு சைக்கிள் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. அவள் குனிந்து உள்ளே வந்தாள்.

"என் வீட்டுக்காரருக்கு ஒரு சைக்கிள் வேணும்ணே. நீச்சல், சைக்கிள், ஓட்டம்னு மூணும் ஒரே நாள்ல வைப்பாங்களே, அந்தப் போட்டிக்கு. இதான் முதல் தடவை."

"மத்த ரெண்டும் நல்லா வருமா?"

"நீச்சல் நல்லா வரும். ஓட்டத்தை, நான் வீட்டு வேலை சொல்றப்ப பார்க்கணும்."

கடைக்காரர் சிரித்தார். "ஆளைக் கூட்டிட்டு வாங்கம்மா. செருப்பில்லாம சுவரோரமா நிக்க வச்சு, காலை அளந்துதான் சைக்கிள் தருவேன்."

"நானே அளந்துட்டு வந்திருக்கேன்."

சீட்டை நீட்டினாள். காலின் நீளம், கை, தோள் எல்லாம் மில்லிமீட்டர் வரை எழுதியிருந்தது.

"தையல்காரர் தோத்துடுவார் போங்க. இந்த அளவு இப்ப இல்லை. ஒரு அளவு பெரிசு இருக்கு, தரட்டுமா?"

"ஐயோ, வேண்டாம். சிநேகிதர்கிட்ட இரவல் வாங்கி ஓட்டினதும் பெரிசுதான். சிக்னல்ல நிறுத்தினப்ப கால் எட்டாம விழுந்துட்டார்."

"அடி பட்டுச்சா?"

"தலையில."

கடைக்காரர் சீட்டை மேஜையில் வைத்தார். "இப்ப தேவலையா? அஞ்சு நிமிஷம் வந்து நின்னாப் போதும்மா."

"நாலு மாசமா கண்ணே திறக்கலண்ணே. நர்ஸ் காலை நீட்டிப் பிடிச்சாங்க, நான் அளந்தேன்." அவள் குரல் தாழ்ந்தது. "படுத்திருக்கிறப்ப அளந்தது, எழுந்து நின்னா மாறுமா?"