நேரலையில் 365 படிகள்

"இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இங்க யார் வாய்லயும் தமிழ் வரக்கூடாது, சொல்லிட்டேன்!"

திருத்தணி மலைப்படியின் அடிவாரத்தில் நின்று இளங்கோவன் சார் போட்ட உத்தரவு இது. கேட்டுக்கொண்டு நின்றவர்கள் பூ விற்கும் பூவம்மாளும் பக்கத்துத் தேங்காய்க் கடைக்காரரும்.

"இன்னா சார் அநியாயமா கீது! ரெண்டு மொழம் மல்லின்றத இங்கிலீஷ்ல இன்னான்னு கூவறது?" என்றாள் பூவம்மாள்.

"நீ கூவவே வேணாம்மா. கேமரா உன் பக்கம் வந்தா 'வெல்கம்'னு மட்டும் சொல்லு. சிங்கப்பூர் பசங்க பார்த்துகினு இருப்பாங்க."

"ஆங்... வெல்கம், வெல்கம்," என்று சொல்லிப் பார்த்துவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் ஒரு பள்ளிக்கூடம் தன் பிள்ளைகளை இணையவழியில் ஊர் ஊராகக் களப்பயணம் கூட்டிப்போகிறது. பிள்ளைகள் பெஞ்சைவிட்டு எழுந்திருக்க வேண்டாம். அந்தந்த ஊர் வாத்தியார் ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும்.

தலைமை ஆசிரியை கோமளவல்லி இதற்கு ஆங்கில ஆசிரியர் ஆகாஷைத்தான் மனசில் வைத்திருந்தார். சமூக அறிவியல் இளங்கோவன் முந்திக்கொண்டு, "நானே பண்றேங்க மேடம்," என்றுவிட்டார். சொன்ன பிறகுதான் தன் இங்கிலீஷ் ஞாபகம் வந்தது.

ஆனால் அவருக்கும் ஒரு காரணம் இருந்தது. போன வருஷம் பயிற்சிக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். பேரைச் சொன்னதோடு சாருக்கு ஆங்கிலம் தீர்ந்துபோயிற்று. அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் ஆகாஷ், "சார், வாட் ஈஸ் யுவர் குட் நேம்?" என்று சீண்டாத நாளில்லை.

இன்றைக்கு மொத்தப் பள்ளிக்கூடமும் ஸ்மார்ட் போர்டில் பார்க்கப்போகிறது. எட்டாவது படிக்கும் மகள் அனிதா முதல் பெஞ்சில் இருப்பாள். அவள் கண்ணுக்கு ஒருதடவையாவது மானத்தோடு தெரிய வேண்டும் என்று, அரக்கோணம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பத்து நாளாக மனப்பாடம் செய்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்த மின்னஞ்சல் இரண்டு பக்கம். அதில் தேதியும் நேரமும் அவருக்குப் புரிந்தன. அதுவே பெரிசு என்று மூடிவைத்துவிட்டார்.

சரியாகப் பத்து மணிக்குத் திரையில் இருபது பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் வந்தார்கள். எல்லாம் நம் ஊர் முகமாகத்தான் இருந்தன. முகம் எப்படி இருந்தால் என்ன, சிங்கப்பூர்ப் பிள்ளை இங்கிலீஷில்தான் தும்மும் என்று இளங்கோவன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அந்த ஆசிரியை எதையோ சொல்ல வாயெடுத்தார். நடுவில் யாராவது பேசினால் மனப்பாடம் அறுந்துபோகுமே! "குவஸ்டின் லாஸ்ட்! ஒன்லி லாஸ்ட்!" என்று அறிவித்துவிட்டு, அந்தப் பக்கத்துச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டார்.

"திஸ் ஈஸ் திருத்தணி. த்ரீ சிக்ஸ்டி ஃபைவ் ஸ்டெப்ஸ். ஒன் இயர், த்ரீ சிக்ஸ்டி ஃபைவ் டேஸ். ஒன் டே, ஒன் ஸ்டெப்!"

பூவம்மாள் கைகூப்பி, "வெல்கம்!" என்றாள். தேங்காய்க் கடைக்காரர் யாரும் கேட்காமலே, "தேங்க்யூ!" என்றார்.

ஐம்பதாவது படியில் காவடியோடு ஒருவர் இறங்கி வந்தார். காவடிக்கு இங்கிலீஷ் என்ன என்பது மனப்பாடத்தில் இல்லை. "ஷோல்டர்... ஷோல்டர் லக்கேஜ் ஆஃப் காட்," என்று சமாளித்தார். முருகா, மன்னிச்சுக்கோ என்று உள்ளுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் நவுரு நைனா," என்று அந்த ஆள் வாயைத் திறக்கப்போனதைப் பாதியிலேயே பார்த்துவிட்டு, இளங்கோவன் பாய்ந்துபோய்ப் போனைப் பொத்தினார். "இங்கிலீஷ், இங்கிலீஷ்!" என்று கிசுகிசுத்தார். பாவம், அந்த மனிதரும், "எக்ஸ்கியூஸ் மீ," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

திரையில் அந்த ஆசிரியை கையை ஆட்டினார். இவரும் உற்சாகமாக ஆட்டினார். அவர் தன் வாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். குரல் கேட்கவில்லை போலிருக்கிறது என்று இளங்கோவன் இன்னும் உரக்கக் கத்தினார். பஞ்சாமிர்தம் 'ஃபைவ் ஐட்டம் ஜாம்' ஆனது. மொட்டை, 'ஃபுல் ஹேர் டொனேஷன்' ஆனது.

கோமளவல்லி மேடத்தின் அழைப்பு மூன்றுதடவை வந்தது. பாராட்டுவதற்கு இத்தனை அவசரமா என்று மூன்றுதடவையும் வெட்டிவிட்டார்.

மேல்படிக்கு வந்தபோது மூச்சு இரைத்தது, சட்டை முதுகோடு ஒட்டியது. ஆனாலும் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் நிற்கவே இல்லை! அவருக்கே நம்ப முடியவில்லை. இந்நேரம் அனிதா பக்கத்துப் பெண்ணிடம், "எங்கப்பா," என்று சொல்லியிருப்பாள். ஆகாஷின் மூஞ்சியைப் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை.

தாராள மனசோடு சத்தத்தைக் கூட்டினார். "நவ், எனி டவுட்? ஆஸ்க், ஆஸ்க்!"

மூன்றாவது வரிசையில் ரெட்டைச்சடை போட்ட ஒரு சிறுமி எழுந்து நின்றாள். ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். சிறுமி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"ஐயா, இது எங்கள் தமிழ் வகுப்பு. உங்கள் ஊரில் யாருக்குமே தமிழ் தெரியாதா?"