அடுத்த செவ்வாய்

புகார்ப் பெட்டி வைத்த நான்கு மாதத்தில் அதற்குள் விழுந்தவை ஒரு பழைய பஸ் டிக்கெட்டும் ஒரு செத்த பல்லியும்தான். சண்டை ஓய்ந்துவிட்டது. ஆனாலும் தன் கையெழுத்தை அரசாங்கத்தின் கையில் கொடுக்க அந்த ஊரில் யாருக்கும் துணிவு வரவில்லை.

இன்று ஒரு கடிதம் இருந்தது.

மக்களின் நம்பிக்கையை மீட்டு வாருங்கள் என்று தலைநகர் அனுப்பியிருந்த இளம் அதிகாரி, அதை இரண்டு கையாலும் பிரித்தார். புகார் மூன்றாம் ஜன்னலைப் பற்றியது. தெருவின் எதிர்ப்பக்கச் சலூன்காரர் தன் பெயரையே போட்டு எழுதியிருந்தார்.

அதிகாரி கடிதத்தோடு கூடத்துக்கு வந்தார். குண்டுத் துளைகளை அடைத்து வெள்ளையடித்த சுவரில் 'நாங்கள் உங்களுக்காக' என்று புதுப் பெயின்டில் எழுதியிருந்தது. அதன் கீழே, வரிசையிலேயே நின்றிருந்தார் சலூன்காரர்.

"எழுதினது நான்தான் ஐயா. அந்த ஜன்னல் அம்மாவுக்கு நாங்க வெச்ச பேரே 'அடுத்த செவ்வாய்'. மனு எழுதற அம்மாவைப் பதினொரு தடவை திருப்பி அனுப்பியிருக்காங்க. முடி வெட்ட வந்தவர்கிட்ட, மீதித் தலைக்கு அடுத்த செவ்வாய் வாங்கன்னு நான் சொன்னா சும்மா விடுவாங்களா?"

மனு எழுதும் அம்மா, வாசல் மரத்தடியில் மேசை போட்டு ஊருக்கே படிவம் நிரப்பித் தருபவர். இப்போது பன்னிரண்டாவது முறையாகத் தன் படிவத்தோடு மூன்றாம் ஜன்னல் முன்னால் நின்றிருந்தார்.

"அவங்க பையன் காணாமப் போய் ஒன்பது வருஷம். சான்றிதழ் கிடைச்சாத்தான் வீட்டுத் திட்டத்துல பேர் வரும். இன்னும் தகரக் கூரைக்குக் கீழே வேகுறாங்க. எங்களுக்கு அவங்க எழுதித் தந்தது ஒண்ணுகூடத் திரும்பினதில்லை. அவங்களோடது மட்டும் திரும்புதுன்னா, இது காழ்ப்பு இல்லாம வேற என்ன ஐயா?"

அதிகாரி ஜன்னலுக்குப் பின்னால் போய் நின்றார்.

"இன்னிக்கு என்ன குறை?"

எழுத்தர் தலை நிமிரவில்லை. "கையெழுத்து இல்லைங்க ஐயா."

"போன வாரம்?"

"போட்டோ ஒட்டலை."

"அதுக்கு முந்தி?"

"பிறந்த தேதி விட்டுப்போச்சு."

"விட்டுப்போனதை இங்கேயே நிரப்பச் சொல்ல வாய் வராதா? ஒரு பேனா எடுத்துக் குடுத்தா கை தேய்ஞ்சிடுமா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். எழுத்தரின் குரல் தணிந்தது.

"யாரும் வராம விட்டா கோப்பை மூடிடணும் ஐயா. படிவம் முழுசானாலும், தேடப்படறவங்க பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துடணும்."

"எடுங்க. அதுக்குத்தானே சம்பளம்?"

அதிகாரி தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. இன்னிக்கே, என் கையால தர்றேன். காலம் மாறிடுச்சுன்னு நாலு பேர் பார்க்கட்டும்."

மனு எழுதும் அம்மா பேனாவைப் பார்த்தார். பிறகு எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் மேசையைப் பார்த்தார்.

"ஐயா சொன்னா சரிங்க" என்றார் மனு எழுதும் அம்மா.

சீருடைக்காரர்கள் நீட்டிய காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகிய ஊர் அது. ஊருக்கே எழுதும் அந்தக் கை, தன் பெயரின் நான்கு எழுத்தை எழுத அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது.

வரிசை கை தட்டியது.

அதிகாரி முத்திரையை மையில் ஒற்றினார். குத்துவதற்கு முன் படிவத்தில் கண்ணை ஓட்டினார். முத்து முத்தான எழுத்து. ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

'கடைசியாகப் பார்த்த நேரம்: காலை ஏழரை. கடைசியாகச் சொன்னது: போயிட்டு வரேன்.'

கையிலிருந்த முத்திரையைத் திருப்பிப் பார்த்தார். இடவலம் மாறியிருந்தாலும் படிக்க முடிந்தது. 'இறந்தவர்.'

"மத்தவங்களுக்கு இவங்க எழுதின படிவம் எத்தனை இருக்கும்?" என்றார் எழுத்தரிடம்.

"நானூறுக்கு மேல, ஐயா."

"அதுல எத்தனை குறை?"

"ஒண்ணுகூட இல்லைங்க." எழுத்தர் அப்போதுதான் நிமிர்ந்தார். கண் நிறைந்திருந்தது.

முத்திரையில் மை காய்ந்துகொண்டிருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு, அதிகாரி படிவத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது செல்லாதே. எழுதினது கறுப்பு மை. கையெழுத்து நீல மை. ஒரே படிவத்துல ரெண்டு மை இருக்கக் கூடாது."

"பேனா நீங்கதானே ஐயா குடுத்தீங்க!" என்று கத்தினார் சலூன்காரர்.

"ஆமா. தப்பு என்னோடதுதான்." அதிகாரி படிவத்தை ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்தார். "புதுசா எழுதிக்கிட்டு, அடுத்த செவ்வாய் வாங்கம்மா."



"இவரும் அப்படித்தானா! எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டை." சலூன்காரர் தன் கடிதத்தை அதிகாரியின் கையிலிருந்து எட்டிப் பிடுங்கி, கிழித்துப் போட்டுவிட்டு வெளியேறினார். அவர் பின்னால் நாலைந்து பேர் போனார்கள். நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த ஒரே கடிதம் தரையில் துண்டு துண்டாகக் கிடந்தது.

மனு எழுதும் அம்மா படிவத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். இந்தக் கட்டடத்தில் காவலாளியைக்கூட 'ஐயா' என்றே கூப்பிட்டுப் பழகியவர், ஜன்னலருகே ஒரு கணம் நின்றார்.

"போயிட்டு வரேன், தம்பி."