பிரேக்கில் கை வைத்தவன்

“தப்பு உன்னோடதுன்னு உன் வாயால சொல்லு சபா. அதைக் கேட்கத்தான் வந்தேன்.”

புஷ்பவல்லி உட்கார மறுத்துவிட்டார். மகன் ரிஷியின் கருமாதி முடிந்த மறுநாளே, மகள் ஷாமினியைக் கூட்டிக்கொண்டு கிள்ளானில் சபாபதியின் வொர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தார். மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த காரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அது ரிஷியின் கார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். மாதம் ஒரு ஞாயிறு டெங்கிலைத் தாண்டி ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோவான். பந்தயம் இல்லை, பரிசும் இல்லை. ஆசை தீர ஓட்டிவிட்டு, அடுத்து எதை மாற்றலாம் என்று சபாபதியிடம் வந்து உட்கார்ந்துவிடுவான். போன மாதமும் அப்படித்தான் போனான். நீளமான நேர்ப்பாதையின் முடிவில், வளைவில் வேகம் குறையாமல் கார் சுவரில் போய் மோதியது.

“ஆன்டி, முதல்ல உட்காருங்க.”

“அந்தக் காரை இளைக்க வைக்கணும், இளைக்க வைக்கணும்னு ரெண்டு பேரும் சேர்ந்து என்னென்ன கழட்டினீங்க. ஏசி, ரேடியோ, கார்பெட். கடைசியில நான் டேஷ்போர்டுல ஒட்டி வச்ச பிள்ளையாரையும் கழட்டிட்டீங்க. ஏன்டான்னு கேட்டா, வெயிட்டும்மான்னு சிரிச்சான். பிள்ளையார் என்ன பாரம் சபா?”

சபாபதி தலையைக் குனிந்துகொண்டான். கழற்றியதற்குக் காரணம் வெயிட் மட்டும் இல்லை. அம்மாக்களிடம் யார் இதையெல்லாம் உட்கார்ந்து விளக்குகிறார்கள்? வெயிட் என்று சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அன்று ரிஷியோடு சேர்ந்து அவனும்தான் சிரித்தான்.

“போலீஸ்ல காரணம் தெரியலன்னு சொல்றாங்க. காரணம் தெரியாம எனக்குக் கண்ணை மூட முடியல. பிரேக்ல கடைசியா கை வச்சது யாரு?”

“நான்தான் ஆன்டி.”

“சரியா வச்சியா?”

பிரேக் பிடிக்கவில்லையாம் என்ற பேச்சு ஏற்கெனவே ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. போன வாரம் இரண்டு பேர் வந்து, பாதி வேலையில் நின்ற தங்கள் கார்களை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கார் ரிப்பேர் பார்க்கும் ஒரு போமனுக்கு அவன் பெயர்தான் சோறு. இந்த அம்மா கேட்கும் வார்த்தையைச் சொல்லிவிட்டால் மிச்சமிருக்கும் வாடிக்கையும் போய்விடும் என்று சபாபதிக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வெளியே ஒரு லோரி இரைந்துகொண்டு போனது. சபாபதி கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

“இல்ல ஆன்டி. ஒரு போல்ட்டை டைட் பண்ண மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்.”

புஷ்பவல்லி கையை ஓங்கிவிட்டார். ஷாமினி “அம்மா” என்று பதறிப் பிடிப்பதற்குள் அந்தக் கை சபாபதியின் தோளில் விழுந்தது. அதில் பலமே இல்லை. அப்படியே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காரியத்தன்றுகூட அம்மா இப்படி வாய்விட்டு அழவில்லை என்று ஷாமினிக்குத் தோன்றியது.

“இனிமே எந்தத் தாய் பெத்த பிள்ளை காருலயும் நீ கை வைக்கக் கூடாது.”

“வைக்க மாட்டேன் ஆன்டி.”

சபாபதி உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்தான். ரிஷியின் ஹெல்மெட், கையுறை, கறுப்புக் கண்ணாடி. புஷ்பவல்லி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுப் பைக்குள் மறுபடியும் கையை விட்டுத் துழாவினார்.

“இன்னொண்ணு இருக்கணுமே. அன்னைக்குக் காலையில அவன் ஷூ மாட்டிக்கிட்டு இருந்தப்ப, அவனுக்குத் தெரியாம சீட்டுக்கு அடியில ஒரு பித்தளைப் பிள்ளையாரை வச்சேன். பாரம்னு திட்டுவானேன்னு, பிரிக்பீல்ட்ஸ் பூரா அலைஞ்சு இருக்கிறதிலேயே சின்னதா பார்த்து வாங்கினது. கிடைச்சுதா?”

“இல்ல ஆன்டி. கார் முழுக்கத் தேடிட்டேன். எதுவும் இல்ல.”

“அப்ப என் பிள்ளைகூடவே போயிருக்கு,” என்றார் புஷ்பவல்லி. அந்த ஒரு நினைப்பில் அவர் முகம் கொஞ்சம் இளகியது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

ஷாமினி மட்டும் தயங்கி நின்றாள்.

“அண்ணே, டைட் பண்ற ஒவ்வொரு போல்ட்டுலயும் வெள்ளை பெயின்ட்ல கோடு போடுவீங்களே. கோடு பார்க்காம சபா அண்ணன் காரை வெளியே விடமாட்டாருன்னு ரிஷி எப்பவும் சொல்வான். நீங்களா மறந்தீங்க?”

“நானும் மனுஷன்தானே லா. மறந்துட்டேன். போ தங்கச்சி, அம்மா தனியா நிக்கிறாங்க.”

அவள் நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. போய்விட்டாள்.

அவர்கள் கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் சபாபதி ஷட்டரைக் கீழே இழுத்தான். மூலைக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கி, நொறுங்கிக் கிடந்த காரின் சக்கரங்களுக்குப் பின்னால் டார்ச்சை அடித்துப் பார்த்தான். பிரேக்கின் ஒவ்வொரு போல்ட்டிலும் அவன் போட்ட வெள்ளைக் கோடு கலையாமல் நேராக இருந்தது.

இவ்வளவு நேரமும் கால்சட்டைப் பையில் அழுத்திக்கொண்டிருந்த குட்டிப் பித்தளைப் பிள்ளையாரை எடுத்து, யார் கண்ணிலும் படாதபடி சாமி படத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தான். போலீஸ் காரைத் திருப்பிக் கொடுத்த அன்று, பிரேக் பெடலை அழுத்த விடாமல் அதன் பின்னால் இறுகிக் கிடந்ததை அவன்தான் ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்திருந்தான்.