பன்னிரண்டாவது பயணி

தட்டில் ஐந்து எலுமிச்சம்பழங்களோடு வந்து நின்றாள் தினேஸ்வரி.

“டயர் எங்கங்க?”

யுகேந்திரன் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினான். அந்த விண்வெளி விளையாட்டில் இரண்டு வருடமாகச் சரக்குக் கப்பல்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். இன்று மதியம் முதல் முறையாக ஒரு பயணிகள் கப்பல் வாங்கியிருந்தான். அதை வாய் தவறி மனைவியிடம் சொன்னது தப்பாகிவிட்டது.

“பறக்கிற கப்பலுக்கு டயர் ஏதுலா?”

“புது வண்டின்னீங்கல்ல? பழம் நசுக்காம எடுத்தா வெளங்குமா?”

மடிக்கணினியின் முதுகில் மூன்று கோடு விபூதி பூசி, நடுவில் குங்குமம் வைத்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு குனிந்து, மேசைக்கு அடியில் அவனுடைய வலது குதிகாலுக்குக் கீழே ஒரு பழத்தைத் தள்ளினாள்.

“வண்டிக்கு டயர் இல்லாட்டி என்னா, ஓட்டுறவருக்குக் கால் இருக்குல்ல. மிதிங்க.”

இடது கால் பக்கத்தில்தான் இருந்தது. அவள் வலது காலைத் தேடிப் பிடித்து வைத்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மழையில், பழைய ரப்பர்த் தோட்டத்து வளைவில் பிரேக்கை மிதித்த கால் அது. மிதித்தும் அவன் ஓட்டிவந்த வேன் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் ஓரத்துக் கால்வாயில் சாய்ந்தது. உள்ளே பள்ளிப் பிள்ளைகள் பதினோரு பேர். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு வாரம் வரைக்கும் அதைக் கதையாகச் சொல்லித் திரிந்தார்கள்.

ஆனால் முதுகுக்குப் பின்னால் பதினோரு பேரும் ஒன்றாகக் கத்திய சத்தம் யுகேந்திரனின் காதைவிட்டுப் போகவில்லை.

வேன் வீட்டு வாசல் ரம்புத்தான் மரத்தடியில் நீலக் கித்தானுக்குள் போனது. அவன் இரும்புச் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். நடந்தே போவான், நடந்தே வருவான். அடுத்தவர் காரில்கூட ஏறமாட்டான். தைப்பிங்கில் நடந்த தன் தங்கச்சி கல்யாணத்துக்குத் தினேஸ்வரி தனியாகத்தான் பஸ் ஏறினாள்.

விளையாட்டிலும் சரக்குதான். மூட்டைகள் கத்தாது.

மிதித்தான். சாறு பீய்ச்சி அவள் கைலியில் அடித்தது.

“ஐயோ, புதுக் கைலி!” என்று சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் ஓவர் டைம் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கொஞ்சம் தூங்கலாம். தூங்கவில்லை.

திரையில் காத்திருக்கும் பயணிகளின் பட்டியல் வந்தது. நான்கு பேர், இருபது பேர், ஆறு பேர். அவன் கீழே தள்ளிக்கொண்டே போய் ஒரு கூட்டத்தில் நிறுத்தினான்.

பதினோரு பேர்.

தினேஸ்வரி எண்ணைப் பார்த்தாள்.

கப்பல் எழும்பியது. “பயப்படாதீங்க. மெதுவாத்தான் போவேன்,” என்று வாய்க்குள் சொன்னான். திரைக்குள் முகம்கூட இல்லாதவர்களிடம் பேசுகிறான். மற்ற நேரமாக இருந்தால் அவள் கேலி செய்திருப்பாள்.

வளையம் போட்ட கோளை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு அடுத்த நிலையத்தில் இறக்கிவிட வேண்டும். அதுதான் பயணம். நிலையத்தின் வாசல் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. மற்ற கப்பல்கள் அவனை முந்திக்கொண்டு சர்ரென்று உள்ளே போயின. அவன் ஊர்ந்தான். நெற்றியில் வியர்த்தது. மேசைக்கு அடியில் வலது கால் எலுமிச்சைத் தோலை அழுத்தியபடியே இருந்தது. அங்கே பிரேக் எதுவும் இல்லை.

‘தொப்’பென்று ஒரு சின்னச் சத்தம். கப்பல் தரையில் உட்கார்ந்தது.

“பதினோரு பேரும் எறங்கிட்டாங்களா?”

“எறங்கிட்டாங்க.” திரையில் வந்த வரியைப் படித்தான். “குலுங்கவே இல்லையாம். நல்லா ஓட்டுனேன்னு போட்டிருக்கான்.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதில் இன்னும் நான்கு பழங்கள் இருந்தன.

அவன் ஜன்னல் வழியே நீலக் கித்தானைப் பார்த்தான்.

“தினேஸ், வேணாம்லா. விளையாட்டு வேற, அது வேற. என்னால முடியாது.”

“உங்கள யாரு ஓட்டச் சொன்னா?”

அவன் சிலிப்பரைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் கித்தான் தரையில் கிடந்தது. நான்கு டயருக்கும் முன்னால் நான்கு பழங்கள். பக்கத்து வீட்டுத் தேவன், “உள்ள எலி பூந்துருச்சிண்ணே” என்று போன வாரம் முழுக்க வேன் இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தது எதற்கென்று இப்போது புரிந்தது.

தினேஸ்வரி எக்கி நின்று முன் கண்ணாடியில் எதையோ ஒட்டிக்கொண்டிருந்தாள்.

புதிதாக உரிமம் எடுத்தவர்கள் ஒட்டும் சிவப்பு ‘பி’. கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தாள்.

“அப்போ சனிக்கிழம ஓவர் டைம்…”

“பார்க்கிங்ல ரெண்டு தடவ பெயிலு. அத மட்டும் யாருகிட்டயும் சொல்லிராதீங்க.”

ஓட்டுநர் இருக்கையை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கண்ணாடியைத் திருப்பி அதற்குள் அவனைப் பார்த்தாள்.

“பயப்படாதீங்க. மெதுவாத்தான் போவேன்.”

முன் கதவை அவனுக்காகத் திறந்துதான் வைத்திருந்தாள். அவன் அதைச் சாத்தினான். பக்கவாட்டுக் கதவைத் தள்ளித் திறந்து, பிள்ளைகள் உட்காரும் இருக்கையில் போய் உட்கார்ந்தான். வாரை இழுத்து மாட்டினான்.

வேன் நகர்ந்தது. பழங்கள் நசுங்கின.

பின்னாலிருந்து யாரும் கத்தவில்லை.